அஞ்சலை எண்ணி வேலையை அறிய முடியுமா?

அலுவலகத்தில் ஒருவர் வாரத்துக்கு எத்தனை மின்னஞ்சல் அனுப்புகிறார், வந்தவற்றில் எத்தனைக்குப் பதில் எழுதுகிறார், ஒவ்வொரு பதிலுக்கும் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார்? இந்த மூன்றையும் தொகுப்பது இன்று பெரிய வேலை இல்லை. மைக்ரோசாஃப்ட் 365-இன் நிர்வாகப் பக்கத்தில் 7, 30, 90, 180 நாள்களுக்கான மின்னஞ்சல் அறிக்கை ஆயத்தமாகவே இருக்கிறது. அனுப்பியவை, பெற்றவை, படித்தவை என்று எண்கள் வரிசையாக வந்துவிடும். கூகுள் வொர்க்ஸ்பேஸிலும் இத்தகைய வசதி உண்டு. இவை போதாது என்று கருதும் நிறுவனங்கள் தங்களுக்கென்று தனி அறிக்கை கேட்கின்றன. குழுவாரியாக வேண்டும், வாடிக்கையாளர்வாரியாக வேண்டும், விடுமுறை நாள்களைக் கழித்து வேண்டும், திங்கள் காலை மேலாளரின் டாஷ்போர்டில் தயாராக நிற்க வேண்டும்.

கேட்டதைச் செய்து கொடுப்பதில் தொழில்நுட்பத் தடை குறைவு. அந்த எண்கள் எதைச் சொல்கின்றன என்பதில்தான் கருத்து வேறுபாடு. அவை உழைப்பைக் காட்டுகின்றன என்பது ஒரு பார்வை. வேகத்தைக் காட்டுகின்றன, யார் யாரோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள் என்பதைக் காட்டுகின்றன, ஊழியரின் களைப்பைக் காட்டுகின்றன என்பவை மற்றவை. எண்ணுவதே தவறு என்று வாதிடுவோரும் இருக்கிறார்கள். ஒவ்வொரு பார்வைக்கும் ஆய்வு மரபு உண்டு. ஒவ்வொன்றும் தடுமாறும் இடமும் உண்டு.

மின்னஞ்சலைவிட மூத்த கேள்வி

எழுத்து வேலையை எண்ணி அளக்கும் ஆசை கணினிக்கு முந்தையது. பிரெட்ரிக் டெய்லர் 1911-இல் அறிவியல் முறை நிர்வாகம் பற்றி எழுதியபோது அவர் மனத்தில் இருந்தது தொழிற்சாலை. அதே அளவுகோலை அலுவலக மேசைக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதைச் சமூகவியலாளர் பீட்டர் பிளாவ் நேரில் கவனித்து 1955-இல் நூலாக வெளியிட்டார். அவர் பார்த்த இடங்களில் ஒன்று அமெரிக்க மாநில வேலைவாய்ப்பு அலுவலகம். அங்கே அலுவலர்களை முதலில் அவர்கள் நடத்திய நேர்காணல்களின் எண்ணிக்கையால் மதிப்பிட்டார்கள். நேர்காணல்கள் பெருகின, வேலை தேடி வந்தவருக்குப் பொருத்தமான இடத்தைத் தேடிக் கொடுக்கும் அக்கறை பின்தங்கியது. பிறகு அளவுகளைக் கூட்டினார்கள், வேலையில் அமர்த்தியோர் எண்ணிக்கையையும் சேர்த்தார்கள். அப்போது புதுச் சிக்கல் தோன்றியது. கைக்கு வந்த காலியிடத் தகவலைச் சக அலுவலர்களிடம் காட்டாமல் சிலர் மறைத்துவைத்தார்கள்.

வி. எஃப். ரிட்ஜ்வே 1956-இல் எழுதிய கட்டுரை இத்தகைய சான்றுகளைத் திரட்டி, ஒற்றை அளவு, பல அளவுகள், அவற்றைச் சேர்த்த கூட்டு அளவு என எதை வைத்தாலும் பக்க விளைவுகள் உண்டு என்று காட்டியது. மின்னஞ்சல் அறிக்கை பற்றி இன்று நடக்கும் விவாதத்தில் பாதி அந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது என்பது மிகையாகாது.

எனினும் ஒரு வேறுபாடு முக்கியமானது. பிளாவ் கண்ட அலுவலகத்தில் எண்ணுவதற்கு ஒருவர் உட்கார்ந்து படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. மின்னஞ்சலில் பதிவு தானாக விழுகிறது. எண்ணுவதற்குச் செலவே இல்லை என்ற நிலை வந்ததும், எதை எண்ண வேண்டும் என்று யோசிக்கும் கட்டாயமும் தளர்ந்துவிட்டது.

பதிவேட்டில் என்ன இருக்கிறது

1982-இல் வகுத்த ஆர்எஃப்சி 822 என்ற நெறிமுறை மின்னஞ்சலின் தலைப்பகுதிக்கு வடிவம் கொடுத்தது. பலமுறை திருத்தப்பட்டாலும் அதன் எலும்புக்கூடு இன்றும் அதுவே. அனுப்புநர், பெறுநர், நகல் பெறுவோர், தேதி, பொருள், ஒவ்வொரு அஞ்சலுக்கும் உரிய அடையாள எண், இது எந்த அஞ்சலுக்குப் பதில் என்ற குறிப்பு ஆகியவை அதில் அடங்கும். உள்ளடக்கத்தைத் திறக்காமலே பெரும்பாலான அறிக்கைகளை இந்த மெட்டாடேட்டாவிலிருந்து எழுதிவிட முடிகிறது.

ஆனால் ஒவ்வொரு புலத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது. தேதிப் புலத்தில் இருப்பது அனுப்பியவரின் கணினி சொன்ன நேரம். வழியில் உள்ள சர்வர்கள் பதியும் நேரம் வேறு. பதில் எழுத நினைப்பவர் பழைய அஞ்சலைத் திறந்து அதில் புது விஷயத்தை எழுதி அனுப்பினால், சம்பந்தமில்லாத இரண்டு உரையாடல்கள் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். புது அஞ்சலாகத் தட்டி அனுப்பினாலோ, அது பதிலாகவே கணக்கில் வராது. தொலைபேசியில் அழைத்துப் பேசி முடித்த விஷயம் காலமெல்லாம் பதிலளிக்கப்படாத அஞ்சலாக நிற்கும். விடுமுறை அறிவிப்பு போன்ற தானியங்கிப் பதில்களை அடையாளம் காட்டத் தனித் தலைப்பு வகுக்கப்பட்டிருந்தாலும் எல்லா மென்பொருள்களும் அதை ஒழுங்காக எழுதுவதில்லை. எனவே ‘30 விநாடியில் பதில்’ என்று பெருமையாக மின்னும் எண்ணுக்குப் பின்னால் மனிதரே இல்லாமல் இருக்கலாம்.

‘படித்தவை’ என்ற எண் இன்னும் பலவீனமானது. நிறுவனத்துக்கு வெளியே போகும் அஞ்சல்கள் திறக்கப்பட்டனவா என்று அறியக் கண்ணுக்குத் தெரியாத சிறு படம் ஒன்றைப் பதித்து அனுப்பும் வழக்கம் விற்பனைத் துறையில் பரவலாக இருந்தது. 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த தனியுரிமை வசதி, பயனர் அஞ்சலைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் அந்தப் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. அதன் பிறகும் திறப்பு விகிதத்தை அப்படியே அறிக்கையில் வைப்பவர்கள் ஆப்பிளின் சர்வர்களையும் வாசகர்களாக எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

எண்ணிக்கையே உழைப்பு என்ற பார்வை

இது மிகப் பழைய, மிக எளிய பார்வை. அதிகம் அனுப்புபவர் அதிகம் உழைக்கிறார் என்று இதை வெளிப்படையாகச் சொல்பவர் குறைவு. ஆனால் ஆள்வாரியான பட்டியலை இறங்குவரிசையில் அடுக்கியவுடன் அறிக்கை அதைச் சொல்லிவிடுகிறது.

இதற்கு எதிரான அடிப்படை வாதத்தை 1996-இலேயே ஸ்டீவ் விட்டேக்கரும் கேண்டஸ் சிட்னரும் வைத்துவிட்டார்கள். லோட்டஸ் நிறுவன ஊழியர்களிடம் அவர்கள் நடத்திய ஆய்வு, மின்னஞ்சலை மக்கள் செய்தி அனுப்ப மட்டும் பயன்படுத்தவில்லை என்று காட்டியது. செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலாகவும் ஆவணக் கிடங்காகவும் இன்பாக்ஸ் மாறியிருந்தது. அப்படியானால் ஓர் அஞ்சல் என்பது நிலையான அலகு அல்ல. ஒப்பந்தத்தின் இறுதி வடிவத்தை ஏந்திய அஞ்சலும் ‘நன்றி’ என்ற ஒற்றைச் சொல் அஞ்சலும் கணக்கில் ஒன்றே. நாற்பது பேருக்கு நகல் போட்டு அனுப்பினால் அனுப்பியவருக்கு ஒன்று, பெற்றவர்களுக்கு நாற்பது.

2020 இறுதியில் இந்தப் பார்வை பொதுவெளியில் சோதனைக்கு உள்ளானது. மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ‘புரொடக்டிவிட்டி ஸ்கோர்’ என்ற வசதியில், மின்னஞ்சல் உள்ளிட்ட சேவைகளை யார் எத்தனை நாள் பயன்படுத்தினார்கள் என்பதை நிர்வாகிகள் பெயரோடு பார்க்க முடிந்தது. ஆஸ்திரிய ஆய்வாளர் வொல்ஃபி கிறிஸ்டல் உள்ளிட்டோர் இது ஊழியர் கண்காணிப்பு என்று கண்டித்தார்கள். டிசம்பர் 1-ஆம் தேதி அந்த வசதியிலிருந்து பெயர்களை நீக்குவதாக நிறுவனம் அறிவித்தது. 2021 செப்டம்பர் முதல் அதன் பொதுப் பயன்பாட்டு அறிக்கைகளிலும் பெயர்கள் இயல்பாக மறைக்கப்படுகின்றன. நிர்வாகி விரும்பினால் மீண்டும் காட்டலாம். இந்தக் கடைசி வசதியைக் கவனிக்க வேண்டும். இயல்புநிலை மாறியிருக்கிறது, அதிகாரம் கைமாறவில்லை.

பதில் நேரம் என்னும் அளவுகோல்

தனி அறிக்கை கேட்கும் நிறுவனங்களில் பெரும்பாலானவை கடைசியில் வந்து நிற்பது இங்கேதான். இதற்கு நியாயமும் இருக்கிறது. சென்னையிலோ கோவையிலோ அமர்ந்து வெளிநாட்டு வாடிக்கையாளரின் பில், சரக்கு ஆவணம், சம்பளப் புகார் ஆகியவற்றைக் கையாளும் குழுவுக்கு ஒப்பந்தத்திலேயே பதில் கெடு எழுதப்பட்டிருக்கும். எஸ்.எல்.ஏ. என்று அவர்கள் அன்றாடம் சொல்லும் அந்தக் கெடுவைத் தவறவிட்டால் எஸ்கலேஷன் வரும். எனவே இந்த எண் அவர்களுக்கு ஆடம்பரம் அல்ல.

பதில் நேரத்தின் இயல்பு பற்றி நடந்த விவாதம் அறிவியல் உலகில் பேர்பெற்றது. ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றின் மின்னஞ்சல் பதிவுகளை ஆராய்ந்த ஆல்பர்ட்-லாஸ்லோ பராபாசி, 2005-இல் நேச்சர் இதழில் ஒரு விளக்கம் தந்தார். பெரும்பாலான அஞ்சல்களுக்கு உடனே பதில் போகிறது, சில அஞ்சல்கள் மிக நீண்ட நாள் காத்துக் கிடக்கின்றன. காரணம், மனிதர்கள் வேலைகளை முக்கியத்துவத்தின் வரிசையில் செய்கிறார்கள், பட்டியலின் அடியில் இருப்பது மேலே வரவே நாளாகிறது என்றார். அதே தரவை எடுத்துக்கொண்டு லூயிஸ் அமரல் குழுவினர் மறுத்தார்கள். 2008-இல் டீன் மாம்கிரனும் அவர்களும் வெளியிட்ட கட்டுரை, இரவு பகல், வார நாள், வார இறுதி என்ற சுழற்சியும், உட்கார்ந்தால் தொடர்ச்சியாகப் பல அஞ்சல்களை முடிக்கும் பழக்கமும் சேர்ந்தாலே இந்த வடிவம் வந்துவிடும், முன்னுரிமை வரிசை என்ற கருதுகோள் தேவையில்லை என்று வாதிட்டது.

அறிக்கை எழுதுவோருக்கு இரு தரப்பில் யார் சரி என்பதைவிட இருவரும் ஒத்துக்கொள்ளும் ஒன்று பயன் தரும். பதில் நேரங்கள் சராசரியைச் சுற்றி அடர்ந்து நிற்பவை அல்ல. பெரும்பகுதி ஓரத்தில் குவிந்தும் சிறுபகுதி நெடுந்தூரம் இழுத்தும் கிடக்கும். யாஹூவின் 20 லட்சம் பயனர்களுக்கிடையே நடந்த 1,600 கோடி அஞ்சல்களை ஆராய்ந்து 2015-இல் ஃபர்ஷாத் கூட்டியும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை இதைத் தெளிவாக்குகிறது. பதில் வரும் நேரங்களில் மிக அடிக்கடி நேர்வது 2 நிமிடம். ஆனால் பாதிப் பதில்கள் வந்து சேர 47 நிமிடம் ஆகிறது. இப்படிப்பட்ட தரவுக்கு ஒற்றைச் சராசரி பொருத்தமில்லாத உடை.

சராசரி செய்யும் தீங்கை ஒரு கற்பனைக் கணக்கால் காட்டலாம். குழுவின் பொது இன்பாக்ஸுக்கு ஒரு வாரத்தில் 100 அஞ்சல் வருகிறது. 80-க்குத் தலா ஒரு மணி நேரத்தில் பதில் போகிறது. 20 கிடப்பில் கிடக்கிறது. அறிக்கை ‘சராசரிப் பதில் நேரம் 1 மணி’ என்று சொல்லும், ஏனெனில் பதில் போகாதவற்றுக்கு நேரமே இல்லை. அடுத்த வாரம் அந்தக் குழு பொறுப்போடு பழைய 20-ஐயும் முடிக்கிறது, ஒவ்வொன்றுக்கும் 100 மணி நேரம் கழிந்துவிட்டது என்று கொள்வோம். புதிதாக வந்த 80-க்கு வழக்கம்போல ஒரு மணி நேரம். இப்போது சராசரி 20.8 மணி. பாக்கியைத் தீர்த்த வாரம் கறுப்பு வாரமாகப் பதிவாகிறது; கிடப்பில் போட்ட வாரம் பச்சை நிறத்தில் ஒளிர்கிறது. இந்த ஊக்கம் எதை வளர்க்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. யாஹூ ஆய்வும் இதே திசையைக் காட்டுகிறது. அஞ்சல் சுமை கூடும்போது பயனர்கள் பதில் தரும் விகிதம் குறைந்தது, பதில்கள் சுருங்கின. பதிலின் வேகம் மட்டும் குறையவில்லை. வேகத்தை மட்டும் பார்த்த நிறுவனத்துக்கு அந்தச் சுமை கண்ணிலேயே பட்டிருக்காது.

இதற்கு மருத்துவப் புள்ளியியலில் பழைய தீர்வு உண்டு. ஆய்வு முடியும்போது உயிரோடு இருக்கும் நோயாளியின் ஆயுள் இன்னும் தெரியாது. ஆனால் ‘இவ்வளவு நாள் வரை இருந்தார்’ என்பது தெரியும். அந்த அரைத் தகவலையும் வீணாக்காமல் கணக்கில் சேர்க்கும் முறையை எட்வர்ட் கப்ளானும் பால் மையரும் 1958-இல் தந்தார்கள். பதில் போகாத அஞ்சலுக்கும் அதே தர்க்கம் பொருந்தும். ‘வந்த அஞ்சல்களில் நான்கு மணி நேரத்துக்குப் பிறகும் காத்திருப்பவை எத்தனை விழுக்காடு’ என்ற கேள்விக்கு இந்த முறை நேர்மையான விடை தருகிறது. அலுவலக டாஷ்போர்டுகளில் இது அரிதாகவே இடம்பெறுவது வருந்தத்தக்கது. கணக்கும் கடினமல்ல, மேலாளருக்கு விளக்குவதும் கடினமல்ல.

கடிகாரம் பற்றியும் ஒரு வார்த்தை. வெள்ளி மாலை 5.45-க்கு வந்த அஞ்சலுக்குத் திங்கள் காலை 9.45-க்குப் பதில் போனால் கடிகாரக் கணக்கில் 64 மணி நேரம். அலுவலக நேரம் 9.30 முதல் 6 வரை என்று வைத்தால் அது வெறும் 30 நிமிடம். எந்தக் கணக்கு சரி என்பது யாருக்காக அறிக்கை என்பதைப் பொறுத்தது. காத்திருந்த வாடிக்கையாளருக்கு 64 மணி நேரம் உண்மை, உழைத்த ஊழியருக்கு 30 நிமிடம் உண்மை. அமெரிக்க வாடிக்கையாளருக்கு வேலை செய்யும் குழுவில் சிக்கல் கூடும். அங்கே மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரம் ஒரு மணி நேரம் நகரும், இங்கே நகராது. ஷிஃப்ட் அட்டவணையைச் சர்வர் பதிவோடு இணைக்காத அறிக்கையில் அந்த வாரங்களில் ஒரு திடீர் மேடு தெரியும்; அதற்குக் காரணம் தேடிக் கூட்டம் போடுவார்கள்.

யாரோடு யார்: வலைப்பின்னல் பார்வை

மூன்றாவது மரபு தனி ஆளையும் வேகத்தையும் விட்டுவிட்டு உறவுகளைப் பார்க்கிறது. இதன் வேர் ஜேக்கப் மொரேனோ 1934-இல் முன்வைத்த சமூக உறவு வரைபடங்களில் இருக்கிறது. அவர் ஆட்களிடம் கேட்டு வரைந்ததை மின்னஞ்சல் தானாக வரைந்து கொடுத்தது. எச்.பி. ஆய்வகத்தில் ஜோஷுவா டைலர், டென்னிஸ் வில்கின்சன், பெர்னார்டோ ஹியூபர்மன் மூவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு, அனுப்புநர், பெறுநர் விவரங்களை மட்டும் வைத்து நிறுவனத்துக்குள் உண்மையில் இயங்கும் குழுக்களைக் கண்டறிய முடியும் என்று காட்டியது. அமைப்பு வரைபடத்தில் இல்லாத குழுக்களும் அதில் தெரிந்தன.

அதே ஆண்டு இத்துறைக்கு எதிர்பாராத புதையல் ஒன்று கிடைத்தது. 2001 டிசம்பரில் திவாலான என்ரான் நிறுவனத்தின் அஞ்சல்களை, மேற்கு அமெரிக்க மின்சார நெருக்கடி பற்றிய விசாரணையின் பகுதியாக அமெரிக்கக் கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் பொதுவில் வைத்தது. ஏறத்தாழ 150 பேரின் சுமார் 5 லட்சம் அஞ்சல்கள் கொண்ட தொகுப்பாக ஆய்வாளர்கள் அதைச் சீர்செய்தார்கள். பெருநிறுவன மின்னஞ்சல் பற்றி நாம் நம்பும் பலவும் இந்த ஒரே தொகுப்பின் மேல் சோதிக்கப்பட்டவை. வீழ்ந்துகொண்டிருந்த ஒரு நிறுவனத்தின் மேலதிகாரிகள் எழுதியவற்றை எல்லா நிறுவனங்களுக்கும் மாதிரியாகக் கொள்வது எவ்வளவு பொருந்தும் என்ற ஐயம் இயல்பானது. குற்றத்தில் எந்தப் பங்கும் இல்லாத ஊழியர்களின் குடும்பப் பேச்சும் அந்தத் தொகுப்பில் கலந்திருந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

இம்மரபின் மிக வலுவான சான்று சினான் அரல், எரிக் பிரிஞ்சோல்ஃப்சன், மார்ஷல் வான் ஆல்ஸ்டைன் ஆகியோரின் ஆய்வுகள் என்று கருதலாம். உயர் பதவிகளுக்கு ஆள் தேடித்தரும் ஒரு நிறுவனத்தை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அங்கே ஒவ்வொருவரும் முடித்த பணிகளும் ஈட்டிய வருவாயும் தனித்தனியே பதிவாகியிருந்ததால் அஞ்சல் பதிவை உண்மையான விளைவோடு ஒப்பிட முடிந்தது. ஒரே நேரத்தில் பல பணிகளைக் கையாள்வது ஒரு கட்டம் வரை வருவாயை உயர்த்தியது, அதற்கு மேல் பலன் தேய்ந்து இறங்கியது. அதாவது சிறந்த ஊழியர் பட்டியலின் உச்சியில் இருக்க வேண்டியதில்லை. சொற்களைக் குறியீடாக மாற்றிய பிறகே ஆய்வாளர்கள் உள்ளடக்கத்தைக் கையாண்டார்கள் என்பதும் முன்மாதிரி.

பின்னர் வந்த ஆய்வுகள் இன்னும் ஆழமாகப் போயின. சமீர் ஸ்ரீவஸ்தவா, அமிர் கோல்ட்பெர்க் குழுவினர் 2018-இல், ஒரு நடுத்தரத் தொழில்நுட்ப நிறுவனத்தின் 601 ஊழியர்கள் ஐந்தாண்டுகளில் தங்களுக்குள் எழுதிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட அஞ்சல்களின் மொழிநடையை ஆராய்ந்தார்கள். சக ஊழியர்களின் நடையோடு ஒத்துப்போகாதவர்கள் வேலையிலிருந்து நீக்கப்படும் வாய்ப்பு கூடியது. ஒத்துப்போய்ப் பிறகு விலகியவர்கள் தாமாக வெளியேறினார்கள். மைக்ரோசாஃப்டின் 61,182 அமெரிக்க ஊழியர்களை வைத்து 2021-இல் வெளியான ஆய்வோ, வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கியபின் பிற குழுக்களோடு செலவிட்ட கூட்டுழைப்பு நேரத்தின் பங்கு ஏறக்குறைய கால்பங்கு சரிந்ததாகக் கண்டது.

குறை எங்கே? இரண்டு பேருக்கிடையே எத்தனை அஞ்சல் போனால் அது உறவு என்ற கேள்விக்கு இயற்கையான விடை இல்லை. முன்முன் டி சௌத்ரியும் டங்கன் வாட்ஸ் உள்ளிட்டோரும் 2010-இல் காட்டியது போல, அந்த வரம்பை மாற்றினால் வலைப்பின்னலின் உருவமே மாறுகிறது. அவர்கள் எடுத்துக்கொண்ட தரவில் ஆண்டுக்கு 5 முதல் 10 பரிமாற்றம் என்ற வரம்பு கணிப்புகளுக்கு நன்றாக உதவியது. தயார்நிலை மென்பொருளோ தன் வரம்பு என்னவென்று பயனரிடம் பெரும்பாலும் உரக்கச் சொல்வதில்லை. மேலும், இந்த ஆய்வுகளில் பல தனித்தனி நிறுவனங்களைப் பற்றியவை. நிறுவனம் மாறினால் முடிவு மாறாது என்று சொல்லப் போதிய காரணம் இல்லை. ஒத்துப்போகாதவர் நீக்கப்பட்டார் என்ற கண்டுபிடிப்பை ஆட்களைச் சலிக்கும் கருவியாக யாரேனும் எடுத்துக்கொண்டால், விளக்கமாக இருந்தது தண்டனையாகிவிடும்.

களைப்பை அளக்கும் முயற்சி

நான்காவது பார்வை ஊழியர் நலன் சார்ந்தது. குளோரியா மார்க் குழுவினர் 2012-இல் 13 பேருக்கு ஐந்து நாள் மின்னஞ்சலை நிறுத்தி, இதயத் துடிப்பையும் பதிவு செய்தார்கள். கவனம் நீண்டது, மன அழுத்தத்தின் அறிகுறிகள் குறைந்தன. 2015-இல் கோஸ்டாடின் குஷ்லேவும் எலிசபெத் டன்னும் 124 பேரிடம் நடத்திய சோதனையில், நாளுக்கு மூன்று முறை மட்டும் அஞ்சல் பார்த்த வாரத்தில் மன அழுத்தம் குறைந்தது. இரண்டும் சிறிய சோதனைகள், ஆனால் காரணத்தைச் சோதித்தவை.

பெருந்தொற்றுக் காலத்தில் 31 லட்சம் பேரின் அஞ்சல், கூட்டப் பதிவுகளை வைத்து வந்த 2020 ஆய்வு வேலை நாள் சராசரியாக 48.5 நிமிடம் நீண்டதாகக் கண்டது. அங்கே ‘வேலை நாள்’ என்பது முதல் அஞ்சல் அல்லது கூட்டத்துக்கும் கடைசி அஞ்சல் அல்லது கூட்டத்துக்கும் இடைப்பட்ட காலம். நடுவே குழந்தைக்குச் சோறூட்டினாரா, தூங்கினாரா என்பது பதிவில் இல்லை. நலனை அளக்கும் அறிக்கைகள் இந்த இடைவெளியை ஒப்புக்கொள்ளும்வரை அவற்றை அறிகுறியாக மட்டுமே கொள்ளலாம்.

எண்ணலாமா என்ற கேள்வி

சட்டம் இந்தக் கேள்விக்கு இடத்துக்கு இடம் வேறு விடை தந்திருக்கிறது. 1996-இல் ஸ்மித் எதிர் பில்ஸ்பரி வழக்கில், அஞ்சல்களைப் பார்க்க மாட்டோம் என்று நிறுவனம் உறுதி கூறியிருந்தும், நிறுவன மின்னஞ்சலில் ஊழியர் தனியுரிமையை எதிர்பார்க்க முடியாது என்று பென்சில்வேனியாவில் இருந்த அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றம் கூறியது. ஐரோப்பா எதிர்த்திசையில் நடந்தது. பர்புலெஸ்கு எதிர் ருமேனியா வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு 2017 செப்டம்பர் 5-இல், பணியிடத் தகவல் தொடர்பைக் கண்காணிக்கும் முன் ஊழியருக்கு அறிவித்தார்களா, எவ்வளவு தூரம் பார்த்தார்கள், இதைவிட மென்மையான வழி இருந்ததா என்று தேசிய நீதிமன்றங்கள் சோதிக்க வேண்டும் என்றது.

இத்தாலியின் தனியுரிமை ஆணையம் இன்னும் நுட்பமான இடத்தில் கை வைத்தது. 2024 ஜூனில் அது வெளியிட்ட வழிகாட்டுதல், ஊழியர் மின்னஞ்சலின் மெட்டாடேட்டாவைப் பொதுவாக 21 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற திசையில் செல்கிறது. நீட்டிக்க வேண்டுமானால் காரணம் காட்ட வேண்டும், தொழிற்சங்க உடன்பாடோ தொழிலாளர் துறை அனுமதியோ தேவைப்படும். உள்ளடக்கத்தைத் தொடவில்லையே என்ற வழக்கமான சமாதானத்தை இது ஏற்கவில்லை. யார் யாருக்கு எப்போது எழுதினார் என்பதே ஒருவரைப் பற்றி நிறையச் சொல்லிவிடும் என்பது அதன் நிலைப்பாடு. அது சரி என்றே தோன்றுகிறது.

இந்தியாவில் 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கின் தீர்ப்பு தனியுரிமையை அடிப்படை உரிமையாக உறுதிசெய்தது. ஆனால் 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலைவாய்ப்பு சார்ந்த நோக்கங்களுக்கும் நிறுவனத்தை இழப்பிலிருந்து காப்பதற்கும் ஊழியரின் ஒப்புதல் இல்லாமலே தரவைப் பயன்படுத்த 7-ஆம் பிரிவில் வழி வைத்திருக்கிறது. மின்னஞ்சல் அறிக்கைகள் அந்த வாசலுக்குள் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை வருங்கால வழக்குகள்தான் வரையறுக்க வேண்டும்.

தனி அறிக்கை எழுதுவோர் முன் உள்ள தேர்வுகள்

இத்தனை ஆய்வுகளையும் ஒருசேரப் பார்க்கும்போது சான்றுகள் சமமாக நிற்கவில்லை. பொது இன்பாக்ஸ் ஒன்றின் வரத்து, பாக்கி, காத்திருப்பு ஆகியவற்றை அளப்பதற்கு நல்ல அடித்தளம் இருக்கிறது. அங்கே ஓர் அஞ்சல் ஏறக்குறைய ஒரு கோரிக்கை. அலகு ஓரளவு நிலையானது. எழுதப்பட்ட கெடுவும் இருக்கிறது. குழுக்களுக்கிடையே தொடர்பு அடர்கிறதா, அறுகிறதா என்று காலப்போக்கில் பார்ப்பதற்கும் நியாயமான சான்று உண்டு. தனி ஊழியரின் மதிப்பை அவர் அஞ்சல் கணக்கால் நிறுவுவதற்கு மட்டும் உறுதியான ஆதரவு இல்லை. விதிவிலக்காகத் தோன்றும் ஆள் தேடும் நிறுவன ஆய்விலும், அளவுகோலாக இருந்தது தனியே பதிவான வருவாய், அஞ்சல் அல்ல.

ஆகவே அறிக்கைக்கான கேள்வி முதலில் எழுத்தில் இருக்க வேண்டும், பிறகுதான் தரவு. ‘செவ்வாய்க்கிழமைகளில் பாக்கி ஏன் ஏறுகிறது’ என்று கேட்பவருக்கு அறிக்கை உதவும். ‘குழு எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம்’ என்பவருக்கு அது எதையாவது காட்டும், அவர் அதை நம்பிவிடுவார். சராசரிக்குப் பக்கத்தில் இடைநிலை அளவும், 90 விழுக்காடு அஞ்சல்கள் எந்த நேரத்துக்குள் முடிந்தன என்பதும், இன்னும் திறந்திருக்கும் அஞ்சல்களின் வயதும் நிற்க வேண்டும். தானியங்கிப் பதில்களையும் செய்திமடல்களையும் எந்த விதியால் நீக்கினோம் என்பது அறிக்கையின் உள்ளேயே எழுதப்பட வேண்டும். அந்த விதி மாறினால் பழைய மாதங்களையும் மீண்டும் கணக்கிட வேண்டும். சிறு குழுக்களில் பெயரை மறைத்தாலும் பயனில்லை. நான்கு பேர் கொண்ட குழுவில் ஒருவர் மட்டும் இரவு ஷிஃப்ட் என்றால் இரவுக் கணக்கு யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். எண்ணப்படுபவர் தன் எண்ணை மேலாளருக்கு முன்னால் பார்க்கவும் தவறென்றால் திருத்தவும் வழி இருப்பது, நியாயத்தோடு துல்லியத்தையும் கூட்டும். தொலைபேசியில் முடித்த வேலை எது என்பது அவருக்கு மட்டுமே தெரியும்.

தீராதவை

மூன்று கேள்விகள் இன்னும் திறந்தே கிடக்கின்றன. முதலாவது, மின்னஞ்சல் வேலையின் எவ்வளவு பகுதி என்பது. டீம்ஸ், ஸ்லாக், வாட்ஸ்அப் குழு என்று பேச்சு சிதறிவிட்டது. அஞ்சல் குறைந்தால் வேலை குறைந்ததா, இடம் மாறியதா என்பதை அஞ்சல் பதிவால் மட்டும் சொல்ல முடியாது. எல்லாத் தடங்களையும் ஒன்றாக இணைத்தால் துல்லியம் கூடலாம். இத்தாலிய ஆணையம் அஞ்சிய கண்காணிப்பும் அதே அளவு கூடும்.

இரண்டாவது, அளக்கத் தொடங்கியபின் மக்கள் நடத்தை எப்படி மாறுகிறது என்பது. பிளாவ் செய்தது போல ஒரு மின்னஞ்சல் டாஷ்போர்டின் கீழ் வாழும் அலுவலகத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்து கவனிக்கும் ஆய்வுகள் இத்துறைக்கு மிகவும் தேவை. இங்கே பேசப்பட்ட பெரும் ஆய்வுகளில் பல, தாம் எண்ணப்படுவதை நினைத்து எழுதாதவர்களின் அஞ்சல்களை வைத்தே முடிவு சொல்கின்றன. தாங்கள் எண்ணப்படுவதை அறிந்தவர்களுக்கு அந்த முடிவுகள் எவ்வளவு பொருந்தும் என்பது உறுதியில்லை.

மூன்றாவது இப்போதுதான் உருவாகி வருகிறது. கூகுள் 2015-இல் அறிமுகப்படுத்திய ‘ஸ்மார்ட் ரிப்ளை’, தன் இன்பாக்ஸ் செயலியின் கைபேசிப் பதில்களில் பத்து விழுக்காட்டுக்கு உதவுவதாக அந்நிறுவன ஆய்வாளர்கள் அடுத்த ஆண்டே எழுதினார்கள். இன்றைய மொழி மாதிரிகள் முழுக் கடிதத்தையும் எழுதித் தருகின்றன, பெறுபவர் பக்கத்தில் இன்னொரு மாதிரி அதைச் சுருக்கித் தருகிறது. அப்போது இரண்டு நிமிடத்தில் போன பதில் கவனத்தின் அளவாகுமா? கேட்டவரின் சிக்கல் எத்தனை சுற்றுக் கடிதங்களில் தீர்ந்தது, தீர்ந்ததாக மூடியது எத்தனை முறை மீண்டும் திறந்தது என்பவற்றை மாற்றாகச் சிலர் முன்வைக்கலாம். அவற்றுக்கும், ‘தீர்ந்தது’ என்று யார் சொல்ல வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும்: பதில் எழுதிய குழுவா, கேள்வி கேட்ட வாடிக்கையாளரா.